வரையாடும் உறைந்த மழையும்: எபிரேய வேதம் மலைநாட்டுத் தமிழரிடம் வந்த வழி

யோபுவின் புத்தகத்தில் 39ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் கடவுள் யோபுவைப் பார்த்து, "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ?" என்று கேட்கிறார். குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடமாக இந்த வசனம் வாசிக்கப்பட்டால் கேட்பவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. முக்கூர்த்தியின் புல்மேடுகளிலும் பாறைச் சரிவுகளிலும் மேய்வது. சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வருவதும் அதுவே என்பர். அது குட்டி போடும் பருவமும் இந்தப் பக்கத்தில் யாரும் அறியாத ஒன்றன்று. மூணாற்றுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவை அந்த வாரங்களில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். யோபுவின் வாயை அடைத்த கேள்விக்கு வனத்துறை ஆண்டுதோறும் அறிவிப்பின் மூலம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எபிரேய மூலத்தில் இருப்பது நம் வரையாடு அன்று. அங்குள்ள 'யாஏல்' என்ற சொல், சாக்கடலை ஒட்டிய எங்கேதியின் வறண்ட செங்குத்துப் பாறைகளில் வாழும், பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்புகளையுடைய ஒரு காட்டு ஆட்டைக் குறிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு விலங்கின் பெயரை, மழையே அரிதான யூதேயப் பாலைவனத்து விலங்குக்கு மொழிபெயர்ப்பாளர்கள் கொடுத்துவிட்டார்கள். இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். வரை என்றால் மலை. மலையாடு என்ற பொதுப்பொருளில் அச்சொல் சரியாகவே நிற்கிறது. 104ஆம் சங்கீதத்தில் "உயர்ந்த பர்வதங்கள் வரையாடுகளுக்கும், கன்மலைகள் குழிமுசல்களுக்கும் அடைக்கலம்" என்று வரும்போது, முதல் விலங்காவது ஏதோ ஒரு மலையில் நிற்கிறது. இரண்டாவதுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எபிரேய 'ஷாஃபான்' முயலே அன்று. பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும் அந்தச் சிறு விலங்கு இந்தியாவில் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் ஒரு பெயரைப் படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெயரோ குழி பறித்து வாழும் முயலை நம் மனத்தில் நிறுத்துகிறது.

வேத மொழிபெயர்ப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இழப்பைப் பற்றியதாகவே இருக்கும்: மூலத்தின் ஓசை போய்விட்டது, சிலேடை போய்விட்டது, பொருளின் ஆழம் போய்விட்டது என்று. அது உண்மைதான். ஆனால் தமிழைப் பொறுத்தவரை அதைவிடக் கடினமான சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எபிரேயம் சொல்லாமல் விட்ட பலவற்றைச் சொல்லாமல் ஒரு தமிழ் வாக்கியத்தை முடிக்கவே இயலாது. திணை, மரியாதை விகுதி, உறவுமுறையில் மூத்தவர் இளையவர், 'நாம்' என்பதா 'நாங்கள்' என்பதா என எல்லாவற்றிலும் நம் மொழி ஒரு முடிவைக் கேட்கிறது. மூலம் மௌனமாக இருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் வாய் திறந்தே ஆக வேண்டும்.

அதற்கு முன், அந்த மூலம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயத்திலும், தானியேல், எஸ்றா ஆகிய நூல்களின் சில பகுதிகள் அரமேயத்திலும் எழுதப்பட்டவை. எபிரேய எழுத்துமுறை அடிப்படையில் மெய்யெழுத்துகளால் ஆனது; சில எழுத்துகள் நெட்டுயிர்களை ஓரளவு சுட்டினாலும், மற்ற உயிரொலிகளை வாசிப்பவரே தம் மரபறிவைக் கொண்டு இட்டுநிரப்பிக்கொள்ள வேண்டும். மசோரெத்தியர் எனப்படும் யூத அறிஞர்கள் கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில்தான் புள்ளிகளாலும் கோடுகளாலும் அந்த உயிரொலிகளைக் குறித்துவைத்தார்கள். முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய எபிரேய வேதச் சுவடியின் காலம் 1008 அல்லது 1009. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையவை. அவற்றிலும் உயிர்க்குறிகள் இல்லை. இந்தச் சங்கடம் தமிழருக்குப் புதிதன்று. புள்ளியிடாத, எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டாத ஓலைச்சுவடிகளிலிருந்து பாடம் பிரித்த நம் பதிப்பாசிரியர்களுக்கு மசோரெத்தியர் பட்ட பாடு நன்றாகவே புரிந்திருக்கும்.

இதன் விளைவு நம் கையிலுள்ள தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது. ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் முடிவில், மரணத்தை நெருங்கிய யாக்கோபு கட்டிலின் தலைமாட்டிலே சாய்ந்து தொழுதுகொள்கிறான். புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபம் 11ஆம் அதிகாரத்தில் அதே யாக்கோபு தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொள்கிறான். கட்டில் எப்போது கோலானது? எபிரேயத்தில் இரண்டு சொற்களுக்கும் மெய்கள் ஒன்றே. 'மித்தா' என்று வாசித்தால் கட்டில். 'மத்தே' என்று வாசித்தால் கோல். கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்த யூதர்கள் கோல் என்று வாசித்தார்கள். நிருபத்தை எழுதியவர் அந்தக் கிரேக்கத்தைப் பின்பற்றினார். மசோரெத்தியர் கட்டில் என்று புள்ளியிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் அந்தந்த இடத்தில் அப்படியே விட்டுவைத்தது நேர்மையான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

தமிழில் இந்த வேலையைத் தொடங்கியவர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. புதிய ஏற்பாட்டை முடித்து அச்சிட்ட அவர், பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்து 1719இல் காலமானார்; மிச்சத்தை முடித்தவர் சூல்ச்சே. பிறகு சென்னை வேப்பேரியில் பெப்ரிஷியஸ் பல்லாண்டு உழைத்துப் புதிதாக ஒன்றைச் செய்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. இவற்றையெல்லாம் முன்னால் வைத்துக்கொண்டு போவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்ததுதான் இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல். கத்தோலிக்கத் திருப்பலியில் இப்போது கேட்கப்படுவது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். உதகை காந்தலில் ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒன்று 'கர்த்தர்' என்றும் மற்றொன்று 'ஆண்டவர்' என்றும் சொல்லிக்கொண்டு ஞாயிறு காலை வெவ்வேறு திசையில் போவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

'கர்த்தர்' என்ற அந்தச் சொல்லே ஒரு பெயரின் மொழிபெயர்ப்பன்று. நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்படும் கடவுளின் பெயரை யூதர்கள் உச்சரிப்பதில்லை; அது வரும் இடங்களில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்', என்று வாசித்தார்கள். அந்த வாசிப்பை நினைவூட்ட மசோரெத்தியர் அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த நான்கு மெய்களின்மேல் இட்டார்கள். பிற்காலத்தவர் இரண்டையும் சேர்த்துப் படித்ததில் பிறந்ததுதான் 'யேகோவா'. பழைய திருப்புதலில் அது யாத்திராகமம் 6ஆம் அதிகாரம், 83ஆம் சங்கீதம் போன்ற சில இடங்களிலும் யேகோவாயீரே, யேகோவாநிசி போன்ற சில பெயர்களிலும் மட்டும் எட்டிப்பார்க்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான இடங்களில் கர்த்தர்தான். 'ஏலோஹிம்' என்ற பொதுச்சொல்லுக்குச் சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பெப்ரிஷியஸ் பராபரன் என்றார். 1871இன் குழு தேவன் என்றது. பின்வந்த திருத்தங்கள் கடவுள் என்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கு முன்பே தமிழில் ஒரு சமய வாழ்வு இருந்ததால், எதை எடுத்தாலும் இன்னொரு கோயிலின் வாசனை அதோடு வரவே செய்தது.

உறவுச்சொற்களுக்கு வருவோம். எபிரேய 'ஆஹ்' உடன்பிறந்தவனைக் குறிக்கும். அண்ணனா தம்பியா என்று சொல்லாது. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இதில் தொல்லை இல்லை. தமிழில் 'சகோதரன்' என்ற பொதுச்சொல் கைகொடுக்கிறது. பழைய திருப்புதல் அதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறது. ஆனால் ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் நோவாவின் மகன் சேமைப் பற்றி வரும் தொடர், 'யாப்பேத்தின் மூத்த சகோதரன்' என்றும் 'மூத்தவனாகிய யாப்பேத்தின் சகோதரன்' என்றும் இரண்டு விதமாகப் பிரியக்கூடியது. 'மூத்த' என்ற அடை யாரைச் சேர்கிறது என்பதில் இன்றைய மொழிபெயர்ப்புகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. தமிழோ, சேம் "மூத்தவனாகிய யாப்பேத்துக்குத் தம்பியுமாயிருந்தான்" என்று வழக்கை முடித்துவைத்துவிட்டது. எஸ்தரும் அப்படித்தான்: மொர்தெகாய் தன் தகப்பனுடைய உடன்பிறந்தவரின் மகளை வளர்த்தான் என்பதற்கு மேல் மூலத்தில் தகவல் இல்லை, தமிழில் அவள் சிறிய தகப்பன் குமாரத்தியாகிவிட்டாள். ஏன் பெரிய தகப்பன் குமாரத்தி இல்லை என்று கேட்டால் மூலத்திலிருந்து பதில் கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு யோனாவின் புத்தகத்தில் இருக்கிறது. கடல் கொந்தளிக்கிறது, கப்பலில் உள்ளவர்கள் யோனாவிடம், "சமுத்திரம் நமக்கு அமரும்படி நாங்கள் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள். எபிரேயத்தில் தன்மைப் பன்மை ஒன்றே ஒன்றுதான். முன்னிலையில் நிற்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்ற கேள்வி அந்த மொழிக்கே தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் வைத்தார். புயலில் சாகப்போகிறவர்களில் யோனாவும் ஒருவன், ஆகவே 'நமக்கு'. அவனைப் பற்றி முடிவெடுக்கப்போகிறவர்களில் அவன் இல்லை, ஆகவே 'நாங்கள்'. கடலில் தூக்கிப் போடப்படுவதற்கு முன்பே இலக்கணம் அவனைக் கப்பலிலிருந்து பிரித்துவிடுகிறது. சில வசனங்களுக்கு முன்னால் மாலுமி "நாம் அழிந்துபோகாதபடிக்கு" என்று அவனைச் சேர்த்துப் பேசியிருக்கிறான். சில வசனங்களுக்குப் பின்னால் அவர்கள் கர்த்தரிடம் "எங்களை அழித்துப்போடாதேயும்" என்று மன்றாடுகிறார்கள். மூலத்தில் இல்லாத ஒரு நாடகம் இது. ஆனால் மூலக் கதையோடு முரண்படாத நாடகம். செய்தவர் கதையை நன்றாக உள்வாங்கிக்கொண்டுதான் செய்திருக்கிறார்.

எல்லா இடத்திலும் முடிவு இவ்வளவு தீங்கற்றதாக அமைவதில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் கொடைக்கானல் முதல் கூடலூர் வரை எல்லாச் சபைகளிலும் ஒலிக்கும் ஏசாயா 9:6ஐ எடுத்துக்கொள்ளலாம்: "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார், நமக்கு ஒரு குமாரன் கொடுக்கப்பட்டார்." பாலகன் என்ற அன் விகுதிப் பெயருக்கு ஆர் விகுதி வினைமுற்று. பழைய திருப்புதலில் தாவீது ராஜாவே 'அவன்'தான். சாலொமோனும் எலியாவும் 'அவன்'தான். இந்தக் குழந்தை மட்டும் பிறந்த கணத்திலேயே 'அவர்' ஆகிறது. எபிரேய வினையில் மரியாதை என்று ஒன்று இல்லை. யூத வாசகர்களில் பலர் இந்த வசனத்தை அக்காலத்து யூதேய அரசன் எசேக்கியாவோடு இணைத்துப் படிப்பார்கள். கிறிஸ்தவர்கள் இயேசுவின் பிறப்போடு இணைப்பார்கள். மூலம் இரு வாசிப்புக்கும் இடம் தருகிறது. தமிழ் வாசகருக்கு அந்த இடம் இல்லை. நீண்ட விளக்கவுரை செய்ய வேண்டிய வேலையை 'ஆர்' என்ற விகுதி செய்து முடித்துவிடுகிறது. சபைக்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பில் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனாலும் இது மொழிபெயர்ப்பாளரின் நம்பிக்கை, எபிரேய இலக்கணம் அன்று என்பதை வாசகர் அறிந்திருப்பது நல்லது.

இனி, மலையில் இருப்பவர்கள் சமவெளிக்காரர்களைவிடச் சரியாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஓர் இடம். ஏசாயாவின் முதல் அதிகாரத்தில், சிவேரென்றிருக்கும் பாவங்கள் "உறைந்த மழையைப்போல் வெண்மையாகும்" என்று வருகிறது. எபிரேயச் சொல் 'ஷேலெக்': எர்மோன் மலையிலும் லீபனோனிலும் வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவது. அது விழாத தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் இல்லை. பனி என்று எழுதியிருக்கலாம். ஆனால் சமவெளியில் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம். ஆகவே 'உறைந்த மழை' என்ற சேர்க்கையை உண்டாக்கினார்கள். பலருக்கு அது விசித்திரமாகப் படும். ஆலங்கட்டியை நினைப்பவர்களும் உண்டு. 1995இன் மொழிபெயர்ப்பு அதைக் கைவிட்டு 'உறைந்த பனி' என்றது.

பழைய சொல்லுக்காக நான் வாதாடுவேன். 147ஆம் சங்கீதத்தில் இரண்டு வெவ்வேறு எபிரேயச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. பழைய திருப்புதல் அவற்றை "பஞ்சைப்போல் உறைந்த மழையைத் தருகிறார், சாம்பலைப்போல உறைந்த பனியைத் தூவுகிறார்" என்று பிரித்துக் காட்டுகிறது. வானத்திலிருந்து விழுவது ஒன்று. இரவுக் குளிரில் தரையிலேயே படிந்து உறைவது மற்றொன்று. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவிலும் உதகைக் குதிரைப் பந்தய மைதானத்திலும் விடியற்காலையில் வெள்ளையாகப் படர்ந்திருப்பது இரண்டாவது. நாம் அதை உறைபனி என்கிறோம். சாம்பல் தூவியதுபோல் என்ற உவமை அதற்கு அச்சாகப் பொருந்தும். முதலாவது நமக்கு வருவதே இல்லை. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியது 'உறைந்த மழை' என்ற அந்த ஒட்டுச் சொல்தான். தவிர, உறைபனியைத் தூய்மைக்கு உவமையாகக் கேட்பது தேயிலை வைத்திருப்பவர்களுக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கும். வெயில் ஏறியதும் அந்த வெண்மைக்கு அடியில் கொழுந்து கருகிப்போயிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்; அதற்குப் பயந்துதான் மாலையிலேயே இலைதழைகளைப் போட்டுச் செடியை மூடிவைக்கிறார்கள்.

இந்த மலைகளின் பிற மொழிகளுக்குள் வேதம் போனபோது கேள்விகள் வேறு உருவம் எடுத்தன. பாசல் மிஷன் 1840-களில் கேத்தியில் காலூன்றியது. படகர் மொழியில் லூக்கா நற்செய்தி அந்த நூற்றாண்டிலேயே கன்னட எழுத்தில் அச்சாயிற்று. நூற்றாண்டு முடிவதற்குள் தோடர் மொழியில் மாற்கு நற்செய்தியும் வந்தது. இவை புதிய ஏற்பாட்டின் பகுதிகள், கிரேக்க மூலம் கொண்டவை. சிறு சமூகங்களின் மொழிக்கு வேதம் போகும்போது பெரும்பாலும் நற்செய்தி முதலிலும் பழைய ஏற்பாடு கடைசியிலும் போகும். ஆகவே படகர், தோடர் கிறிஸ்தவர்கள் சங்கீதங்களையும் தீர்க்கதரிசிகளையும் நீண்டகாலம் தமிழிலோ கன்னடத்திலோதான் கேட்டிருக்கிறார்கள். தமிழ் எடுத்த முடிவுகளெல்லாம், தம்பியும் உறைந்த மழையும் 'பிறந்தார்' என்ற விகுதியும், அவர்களிடம் மூலத்தின் சொற்களாகவே போய்ச் சேர்ந்தன. இன்றைய கன்னடத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. யோனாவின் கப்பலில் நடந்ததைக் கன்னடத்தில் கேட்டவருக்குத் தமிழ் காட்டும் அந்தப் பிரிவு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பொருட்களின் மதிப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. "பாலும் தேனும் ஓடுகிற தேசம்" என்பது யாத்திராகமத்தில் செழிப்பைக் குறிக்கும் தொடர். தோடருக்கோ புனித எருமையின் பால், அதற்கென்று தீட்டுக் காத்த பூசாரி பால்மனையில் கறந்து கடையும் வழிபாட்டுப் பொருள். அது ஓடுகிறது என்று சொன்னால் செழிப்பா சிந்திப்போனதா என்று கேட்கத் தோன்றும். தேன், குறும்பர்கள் கயிற்றில் தொங்கி மலைப்பாறை விளிம்பில் எடுப்பது. மூலத்தின் 'தெவஷ்' தேனீயின் தேனா, பேரீச்சம்பழப் பாகா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கிறது. 2007இல் இஸ்ரேலின் தெல் ரெஹோவில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு பழைமையான தேன்கூட்டு வரிசைகள் தோண்டியெடுக்கப்பட்ட பிறகு தேனீயின் பக்கம் கொஞ்சம் வலுத்திருக்கிறது.

எபிரேயக் கவிதையின் இணையடி அமைப்பு மட்டும் எந்த மொழிக்கும் ஓரளவு சேதமில்லாமல் வந்துவிடும் என்பார்கள். ஒரு கருத்தைச் சொல்லி, அதையே சற்றுத் திருப்பி அடுத்த அடியில் சொல்வது அதன் முறை. ஓசை போனாலும் கருத்தின் இரட்டை நிற்கும். "மலைகள் ஆட்டுக்கடாக்களைப்போலவும், குன்றுகள் ஆட்டுக்குட்டிகளைப்போலவும் துள்ளினது" என்று 114ஆம் சங்கீதம் நமக்கு வந்திருக்கிறது. எபிரேயத்தில் வினை முதலடியில் வந்துவிடும். இரண்டாம் அடி வினையில்லாமல் அதன் எதிரொலியாக நிற்கும். தமிழில் வினை கடைசியில் வர வேண்டியிருப்பதால் இரண்டு அடிகளும் உம்மையால் கட்டப்பட்டு ஒரே வாக்கியமாகிவிட்டன. மலையும் குன்றும் ஒரே வினைக்காகக் காத்திருக்கின்றன. இணை இருக்கிறது, எதிரொலி இல்லை. 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ, தோடர் பாடல்கள் முழுக்க இணையான தொடர்களால் ஆனவை என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். இரண்டாம் தொடர் இல்லாமல் முதல் தொடர் அங்கே தனித்து நிற்பது அரிது. தமிழ் வழியாகச் சுற்றி வராமல் நேராகத் தோடர் பாடல் வடிவத்துக்குள் இந்தச் சங்கீதங்கள் போயிருந்தால், நம்மைவிட அவர்களுக்கு அவை இயல்பாக வாய்த்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிலேடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எரேமியா காணும் வாதுமைக் கிளை 'ஷாக்கேத்'. அதற்குக் கர்த்தர் தரும் விளக்கத்தில் வரும் 'விழித்திருக்கிறேன்' என்பது 'ஷோக்கேத்'. ஆமோஸ் காணும் பழக்கூடையில் இருப்பது 'காயிட்ஸ்', வரும் முடிவு 'கேட்ஸ்'. தமிழில் வாதுமைக்கும் விழிப்புக்கும், பழத்துக்கும் முடிவுக்கும் தொடர்பே தெரிவதில்லை. அடிக்குறிப்பு இல்லாமல் அதைத் தெரியவைக்கவும் முடியாது. அகரவரிசையில் அமைந்த 119ஆம் சங்கீதத்தின் நிலையும் இதுவே. 22 எழுத்துகள், எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. ஆத்திசூடி படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் ஒரு நொடியில் விளங்கக்கூடியது. ஆனால் மொழிபெயர்ப்பில் அந்த வரிசை கலைந்து, ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

முடிவுகளை மாற்றுவது எடுப்பதைவிடக் கடினம். பண்டைய திருச்சபை அறிஞரான ஜெரோம் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து நேராக லத்தீனில் மொழிபெயர்த்தபோது, யோனாவுக்கு நிழல் தந்த 'கிக்காயோன்' செடியை, அதுவரை மக்கள் கேட்டுவந்த சுரைக்கொடிக்குப் பதிலாக வேறொரு படர்கொடி என்று மாற்றினார். வட ஆப்பிரிக்காவில் ஓர் ஆயர் அதை வாசித்ததும் சபையில் கலவரமே வந்துவிட்டது என்று அகுஸ்தீன் அவருக்கு எழுதினார். தமிழில் அந்தச் செடி ஆமணக்கு. இன்றைய அறிஞர்களில் பலர் ஏற்கும் பொருளும் அதுவே என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சண்டை மிச்சம். ஆனால் 1871க்குப் பிறகு வந்த திருத்தங்கள், எபிரேயச் சுவடிகளைப் பற்றிய பிற்கால அறிவைப் பயன்படுத்தியவையாக இருந்தும், சீர்திருத்தச் சபைகளின் வாசிப்பு மேடையில் பழைய திருப்புதலின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்திலும் அடக்க ஆராதனையிலும் காதில் விழுந்து மனப்பாடமான சொற்களை விட்டுக்கொடுக்க யாரும் விரும்புவதில்லை. பழைய வாசகத்தைத் தொடாமல், 'யாப்பேத்தின் அண்ணன் என்றும் வாசிக்கலாம்' என்பதுபோன்ற குறிப்புகளைப் பக்கத்தின் அடியில் சேர்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். நம் சபைகளில் பெரும்பாலும் புழங்கும் பதிப்புகளில் அந்தக் குறிப்புகள் இல்லை.